நிகழ்தகவு: மர வரைபடத்தில் தொடங்கி டோட்டோ சீட்டு வரை

சிங்கப்பூர்ப் பாடத்திட்டத்தில், விளைவுகளைக் கிளை கிளையாக வரைந்து காட்டும் மர வரைபடம் உயர்நிலைப் பள்ளியிலேயே வந்துவிடுகிறது. வரிசை பாராமல் சிலவற்றைத் தேர்ந்தெடுக்கும் வழிகளை எண்ணும் சேர்வு, அதாவது பிள்ளைகள் காம்பினேஷன் என்று சொல்லும் பகுதி, தொடக்கக் கல்லூரிக் கணிதத்தில்தான் முறையாக வருகிறது. வேறு வேறு ஆண்டில், வேறு வேறு ஆசிரியரிடம் படிப்பதால் இவை இரண்டும் தனித்தனிப் பாடங்கள் என்ற எண்ணம் மாணவர்களிடம் ஊறிப்போகிறது. உண்மையில் ஒரே வரவு செலவை இரண்டு பேரேடுகளில் எழுதுவது போலத்தான். ஒன்றில் ஒவ்வொரு பரிமாற்றமும் தனித்தனி வரியாக இருக்கும். மற்றொன்றில் மொத்தத் தொகை மட்டும் இருக்கும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ பிழை.

பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க மேசையில் உட்காரும் பெற்றோருக்கும், பல ஆண்டுகளுக்குப் பிறகு பகுதிநேரப் படிப்பில் சேர்ந்து இந்தப் பாடத்தைக் கண்டு மிரளும் பெரியவர்களுக்கும் இந்தக் கட்டுரை. பெருக்கலும் பின்னமும் தெரிந்தால் போதும். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். படித்துக்கொண்டு போனால் மட்டும் இது மனத்தில் நிற்காது.

பேனாவை வைக்கும் முன்

எந்த நிகழ்தகவுக் கணக்காக இருந்தாலும் முதலில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எண்ணப்போகும் விளைவுகள் எல்லாம் சம வாய்ப்பு உள்ளவையா? எடுத்ததைத் திரும்ப வைக்கிறோமா, வைத்துக்கொள்கிறோமா? எடுக்கும் வரிசை விடையை மாற்றுமா?

முதல் கேள்வியை எல்லோரும் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். “பரிசு விழும், அல்லது விழாது. ஆகவே பாதிக்குப் பாதி” என்று லாட்டரி வரிசையில் நின்று பேசுபவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். விளைவுகள் இரண்டு என்பது சரி; அவை சம வாய்ப்பு உள்ளவை என்று யார் சொன்னார்கள்? சம வாய்ப்புள்ள விளைவுகளை எண்ணினால்தான் ‘வேண்டியவை வகுத்தல் மொத்தம்’ என்ற சூத்திரம் செல்லும். மற்ற இரண்டு கேள்விகளும் கணக்குப் போடும்போது தாமாகவே முன்னால் வந்து நிற்கும்.

மரம் வரைதல்

தீபாவளிக்கு வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒரு தட்டில் 8 அன்பளிப்பு உறைகள் இருக்கின்றன. மூன்றில் 10 வெள்ளித் (சிங்கப்பூர் டாலர்) தாள், ஐந்தில் 2 வெள்ளித் தாள். உறைகள் எல்லாம் ஒரே நிறம், ஒரே கனம். ஒரு சிறுவன் பார்க்காமல் இரண்டு உறைகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கிறான்.

தாளைக் குறுக்காகத் திருப்பி வையுங்கள். மரம் இடமிருந்து வலமாக வளரும். நெடுக்காக வைத்து வரைந்தால் மூன்றாவது கட்டத்திலேயே இடம் தீர்ந்துவிடும். இடது ஓரத்தின் நடுவில் ஒரு புள்ளி. அதிலிருந்து இரண்டு கிளைகள்: மேலே ‘10’, கீழே ‘2’. கிளையின் நுனியில் விளைவை எழுதுங்கள், கிளையின் மேல் நிகழ்தகவை எழுதுங்கள். 10-க்கு 3/8, 2-க்கு 5/8.

இப்போது ஒவ்வொரு நுனியிலிருந்தும் மறுபடி இரண்டு கிளைகள். முதல் உறையை அவன் திரும்ப வைக்கவில்லை, ஆகவே தட்டில் 7 உறைகள்தான் உள்ளன. முதலில் 10 வந்திருந்தால் மிச்சம் இரண்டு 10, ஐந்து 2: கிளைகள் 2/7, 5/7. முதலில் 2 வந்திருந்தால் மிச்சம் மூன்று 10, நான்கு 2: கிளைகள் 3/7, 4/7.

இங்கே நின்று ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே புள்ளியிலிருந்து பிரியும் கிளைகளின் கூட்டுத்தொகை எப்போதும் 1 ஆக வேண்டும். 2/7 + 5/7 சரி. 3/7 + 4/7 சரி. இரண்டு நொடி வேலைதான்; தேர்வில் பலர் இழக்கும் மதிப்பெண்களை இந்த இரண்டு நொடி காப்பாற்றிவிடும்.

அடுத்து, ஒவ்வொரு பாதையிலும் போகும் வழியில் உள்ள நிகழ்தகவுகளைப் பெருக்குங்கள்.

10, 10: 3/8 × 2/7 = 6/56
10, 2: 3/8 × 5/7 = 15/56
2, 10: 5/8 × 3/7 = 15/56
2, 2: 5/8 × 4/7 = 20/56

கூட்டிப் பாருங்கள்: 6 + 15 + 15 + 20 = 56. பின்னங்களை இப்போதே சுருக்காதீர்கள். 6/56-ஐ 3/28 என்றும், 20/56-ஐ 5/14 என்றும் எழுதிவிட்டால், இந்தக் கூட்டல் சோதனைக்கு மறுபடி பொதுப் பகுதி தேட வேண்டியிருக்கும். கடைசி வரியில் சுருக்கினால் போதும்.

இனி எந்தக் கேள்விக்கும் விடை தயார். சரியாக ஒரு 10 வெள்ளித் தாள் கிடைக்க எத்தனை பாதைகள்? இரண்டு. 15/56 + 15/56 = 30/56, அதாவது 15/28. இரண்டு உறையிலும் சேர்த்துக் குறைந்தது 12 வெள்ளி கிடைக்க? ‘2, 2’ என்ற பாதையைத் தவிர மற்ற எல்லாம்: 1 – 20/56 = 36/56 = 9/14. பாதைக்குள்ளே பெருக்கல், பாதைகளுக்கிடையே கூட்டல். ஒரு சிறுவன் ஒரே நேரத்தில் இரண்டு பாதைகளில் போக முடியாது என்பதால்தான் கூட்டல் செல்லுபடியாகிறது.

எடுத்த உறையைத் திறந்து பார்த்து, ஒட்டி, கலைத்துவிட்டுத் திரும்ப வைத்தால் இரண்டாம் கட்டத்திலும் 3/8, 5/8 தான். நான்கு பாதைகள் 9/64, 15/64, 15/64, 25/64 ஆகும். மரத்தின் உருவம் மாறாது. கிளை மேல் எழுதும் எண்கள்தான் மாறும்.

முதலில் எடுப்பவருக்கு லாபமா?

வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் இந்தக் கேள்வி வந்தே தீரும். “நான்தான் முதலில் எடுப்பேன், இல்லாவிட்டால் அண்ணன் பத்து வெள்ளியை எல்லாம் எடுத்துவிடுவான்” என்று தங்கை முந்துகிறாள். முந்துவதில் பயன் உண்டா?

இரண்டாவதாக எடுப்பவருக்கு 10 வெள்ளி கிடைக்கும் பாதைகளை மட்டும் கூட்டுங்கள்: ‘10, 10’ 6/56, ‘2, 10’ 15/56. மொத்தம் 21/56. சுருக்கினால் 3/8. முதலில் எடுப்பவருக்கும் அதே 3/8 தான். மூன்றாவது, எட்டாவது ஆளுக்கும் அதுவேதான். முன்னால் போனவர் என்ன எடுத்தார் என்று தெரியாத வரையில் வரிசையில் எங்கே நின்றாலும் ஒன்றுதான். தெரிந்துவிட்டால் கதை வேறு: அண்ணன் தன் உறையைத் திறந்து 10 வெள்ளித் தாளை ஆட்டிக் காட்டிவிட்டால், தங்கையின் வாய்ப்பு அந்த நொடியில் 2/7 ஆகிறது. இதுதான் நிபந்தனை நிகழ்தகவு. மரத்தின் இரண்டாம் கட்டக் கிளைகள் எல்லாமே நிபந்தனை நிகழ்தகவுகள்தான்; பெயர் தெரியாமலே அவற்றை எழுதிவிட்டீர்கள்.

எதற்கும் முண்டியடிக்கும் கியாசு குணத்துக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. குலுக்கல் என்று வந்துவிட்டால் அந்தக் குணத்தால் ஒரு காசு லாபமில்லை என்பதை இந்த 21/56 சொல்லிவிடுகிறது.

கிளைகள் பெருகும்போது

இரண்டு உறைக்கு நான்கு பாதைகள். மூன்று உறைக்கு எட்டு. எடுத்ததைத் திரும்ப வைத்து எடுத்தால் ஆறு உறைக்கு அறுபத்து நான்கு. தாளும் போதாது, பொறுமையும் போதாது. இங்கேதான் சேர்வு வருகிறது.

மேலே போட்ட மரத்தில் ‘10, 2’, ‘2, 10’ ஆகிய இரண்டும் 15/56 என்று ஒரே மதிப்பு பெற்றதைக் கவனித்தீர்களா? கையில் கடைசியில் இருக்கும் உறைகள் ஒன்றே. எடுத்த வரிசைதான் வேறு. வரிசை நமக்கு வேண்டாம் என்றால் இவற்றை இரண்டு தரம் எழுதுவானேன்?

எட்டு உறைகளிலிருந்து இரண்டை வரிசையோடு எடுக்க 8 × 7 = 56 வழிகள். அவற்றில் ஒவ்வொரு ஜோடியும் இரண்டு தரம் வந்திருக்கிறது. ஆகவே வரிசையில்லாமல் 56 ÷ 2 = 28 ஜோடிகள். இதைச் சே(8, 2) = 28 என்று எழுதிக்கொள்வோம். மூன்று உறைகள் என்றால் 8 × 7 × 6 = 336. மூன்று உறைகளை 3 × 2 × 1 = 6 வரிசைகளில் அடுக்கலாம், எனவே ஒவ்வொரு மூவரணியும் ஆறு தரம் வந்திருக்கிறது. 336 ÷ 6 = 56.

விதி இவ்வளவுதான்: மேலே, மொத்த எண்ணில் தொடங்கி, எத்தனை எடுக்கிறோமோ அத்தனை எண்களை இறங்குவரிசையில் பெருக்குங்கள். கீழே, எடுக்கும் எண்ணிலிருந்து 1 வரை பெருக்குங்கள். மேலதைக் கீழதால் வகுங்கள். பள்ளிக் கணிப்பானில் என்சிஆர் என்ற பொத்தான் இதைத்தான் செய்கிறது. ஆனால் பொத்தானைத் தட்டும் முன் ஒருமுறையாவது கையால் போட்டுப் பாருங்கள்; எதற்காக வகுக்கிறோம் என்று தெரியாதவர் எப்போது வகுக்கக் கூடாது என்றும் தெரியாமல் நிற்பார்.

இப்போது அதே உறைக் கணக்கு. மூன்று 10 வெள்ளி உறைகளிலிருந்து ஒன்று, ஐந்து 2 வெள்ளி உறைகளிலிருந்து ஒன்று: 3 × 5 = 15 ஜோடிகள். மொத்தம் 28. விடை 15/28. மரம் தந்த அதே விடை. மற்றவற்றையும் சரிபாருங்கள்: இரண்டும் 10 என்றால் சே(3, 2) = 3, இரண்டும் 2 என்றால் சே(5, 2) = 10. 3 + 15 + 10 = 28. மரத்தில் 56 என்றும் இங்கே 28 என்றும் இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். மேலும் கீழும் ஒரே அளவில் இரட்டித்திருக்கின்றன, அவ்வளவுதான். மேலே வரிசையோடும் கீழே வரிசையில்லாமலும் எண்ணினால்தான் ஆபத்து.

மூன்று உறைகள் எடுத்தால் குறைந்தது ஒரு 10 வெள்ளியாவது கிடைக்க? எல்லாமே 2 வெள்ளியாக அமையும் வழிகள் சே(5, 3) = 10. மொத்தம் 56. விடை 46/56 = 23/28. ‘குறைந்தது ஒன்று’ என்ற சொற்கள் கேள்வியில் கண்ணில் பட்டால், ‘ஒன்றுகூட இல்லை’ என்பதைக் கண்டு 1-இலிருந்து கழிப்பதே நல்ல வழி.

இந்த எண்ணும் கலை நம் பக்கத்துக்குப் புதிதில்லை. அறுசுவையில் ஒன்றாகவும் இரண்டாகவும் மூன்றாகவும் ஆறு வரை சேர்த்தால் எத்தனை கலவைகள் வரும் என்று சுசுருதரின் மருத்துவ நூல் கணக்கிட்டுச் சொல்கிறது: 6 + 15 + 20 + 15 + 6 + 1 = 63. ஒவ்வொரு எண்ணும் சே(6, 1), சே(6, 2) என்று வரிசையாக வருவதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஒன்பதாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்த சமணக் கணிதவியலாளர் மகாவீரர் இதற்குப் பொதுவிதியே எழுதியிருக்கிறார்.

குழுத் தேர்வும் இரட்டை எண்ணிக்கையும்

எனக்குப் பிடித்த கணக்கு இது. சேர்வில் விழும் குழியை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறொன்றை நான் கண்டதில்லை. சமூக மன்றத்தில் ஒரு தமிழ் நிகழ்ச்சி. 10 தொண்டூழியர்கள்: 6 ஆண்கள், 4 பெண்கள். சீட்டுக் குலுக்கி 4 பேர் கொண்ட குழு அமைக்கிறார்கள். குழுவில் குறைந்தது ஒரு பெண்ணாவது இருக்க நிகழ்தகவு என்ன?

பலர் இப்படிப் போடுவார்கள்: முதலில் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்துவிடலாம், 4 வழிகள். மிச்சம் 9 பேரில் எவரேனும் மூவர், சே(9, 3) = 84 வழிகள். 4 × 84 = 336. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மொத்தக் குழுக்களே சே(10, 4) = 210 தான்! நிகழ்தகவு ஒன்றைத் தாண்டிவிட்டது.

எங்கே தவறு? மீனாவும் கலாவும் இரண்டு ஆண்களும் உள்ள ஒரு குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். மீனாவை ‘முதல் பெண்’ என்று எடுத்து, கலாவை மற்ற மூவரில் சேர்த்தபோது ஒரு தரம் எண்ணினோம். கலாவை ‘முதல் பெண்’ என்று எடுத்து, மீனாவை மற்ற மூவரில் சேர்த்தபோது மறுபடி எண்ணினோம். ஒரே குழு, இரண்டு எண்ணிக்கை. மூன்று பெண்கள் உள்ள குழு மூன்று தரம், நான்கு பெண்கள் உள்ள குழு நான்கு தரம். முழுதாகவே பிரித்துப் பார்க்கலாம்:

1 பெண்: 4 × 20 = 80 குழுக்கள், ஒரு தரம்: 80
2 பெண்கள்: 6 × 15 = 90 குழுக்கள், இரண்டு தரம்: 180
3 பெண்கள்: 4 × 6 = 24 குழுக்கள், மூன்று தரம்: 72
4 பெண்கள்: 1 குழு, நான்கு தரம்: 4

80 + 180 + 72 + 4 = 336. தவறான எண் எங்கிருந்து வந்தது என்று கடைசிக் காசு வரை கணக்குக் கிடைத்துவிட்டது. சரியான எண் 80 + 90 + 24 + 1 = 195. குறுக்கு வழியில் போனால் பெண்களே இல்லாத குழுக்கள் சே(6, 4) = 15, ஆகவே 210 – 15 = 195. விடை 195/210 = 13/14.

சேர்வில் ‘முதலில் ஒருவரை உறுதிசெய்துகொண்டு பிறகு மிச்சத்தை’ என்று உங்கள் மனம் சொல்லத் தொடங்கினால் சந்தேகப்படுங்கள். வரிசை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே ‘முதலில்’ என்பதைப் பின்கதவு வழியாக உள்ளே விடுகிறீர்கள்.

வரிசை உண்மையிலேயே வேண்டிய இடமும் உண்டு. அதே பத்துப் பேரில் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூன்று பதவிகளுக்கு ஆள் தேர்ந்தெடுத்தால் 10 × 9 × 8 = 720. இங்கே 6-ஆல் வகுக்கக் கூடாது. தலைவராக வேண்டியவரைப் பொருளாளராக்கிவிட்டு ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று சொல்லிப் பாருங்கள், மன்றத்தில் என்ன நடக்கிறது என்று தெரியும்.

ஒரே செயல் திரும்பத் திரும்ப நடந்தால்

நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிவுசெய்யும் வினாக்கள் ஐந்து. மாணவன் ஒன்றும் படிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தொடுகிறான். சரியாக இரண்டு விடைகள் சரியாக அமைய நிகழ்தகவு என்ன?

மரம் போட்டால் 32 பாதைகள். இரண்டு சரி, மூன்று தவறு உள்ள ஒரு பாதையின் மதிப்பு 1/4 × 1/4 × 3/4 × 3/4 × 3/4 = 27/1024. அப்படிப்பட்ட எல்லாப் பாதைகளுக்கும் இதே மதிப்புதான். அப்படி எத்தனை பாதைகள்? ஐந்து வினாக்களில் எந்த இரண்டு சரி என்பதைத் தெரிவுசெய்வதுதான்: சே(5, 2) = 10. விடை 270/1024, ஏறத்தாழ 0.26. ஒரு பாதையின் மதிப்பை மரமும், பாதைகளின் எண்ணிக்கையைச் சேர்வும் தருகின்றன. ஈருறுப்புப் பரவல் என்ற பெரிய பெயரில் பிறகு வரப்போவது இந்தப் பெருக்கல்தான்.

இது செல்ல வேண்டுமானால் ஒவ்வொரு முயற்சியும் மற்றதைச் சாராததாக இருக்க வேண்டும். ‘ஒரு நாள் மழை பெய்ய நிகழ்தகவு இவ்வளவு, ஐந்து நாளில் இரண்டு நாள் மழை பெய்ய?’ என்று பயிற்சித்தாள்களில் கேட்கிறார்கள். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் நாள் கணக்கில் விடாது கொட்டும் ஊரில் இருந்துகொண்டு, இன்றைய மழைக்கும் நாளைய மழைக்கும் தொடர்பில்லை என்று எப்படி நம்புவது? தேர்வில் கேட்டால் விடை எழுதுங்கள். குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

டோட்டோ சீட்டு

பரிந்துரைக்கவில்லை, எண்ணுவதற்கு இதைவிட நல்ல பொருள் பக்கத்துக் கடைவீதியில் கிடைக்காது என்பதால் எடுத்துக்கொள்கிறேன். டோட்டோ என்னும் இந்த லாட்டரியில் நாம் 49 எண்களில் ஆறைத் தெரிவுசெய்வோம்; குலுக்கலில் 6 எண்கள் வெல்லும். அதோடு ஒரு கூடுதல் எண்ணும் எடுக்கப்படும். முதல் பரிசுக்கு நம் ஆறும் வெல்லும் ஆறாக இருக்க வேண்டும், வரிசை முக்கியமில்லை. சே(49, 6)-ஐக் கையால் போடலாம்:

(49 × 48 × 47 × 46 × 45 × 44) ÷ (6 × 5 × 4 × 3 × 2 × 1)

கீழே உள்ள 6 × 4 × 2 = 48, மேலே உள்ள 48-ஐ அடித்துவிடும். கீழே மிச்சம் 5 × 3 = 15, மேலே உள்ள 45-ஐ 3 ஆக்கிவிடும். ஆக 49 × 47 × 46 × 3 × 44 = 13,983,816. சிங்கப்பூரின் மக்கள்தொகை ஆறு மில்லியனைச் சற்றே தாண்டியது. கைக்குழந்தை உட்பட ஆளுக்கு இரண்டு சீட்டு, ஒன்றுபோல் இன்னொன்று இல்லாமல் வாங்கினாலும் எல்லாச் சேர்வுகளும் தீராது. 2014 வரை 45 எண்கள்தான் இருந்தன: சே(45, 6) = 8,145,060. நான்கு எண்களைக் கூட்டியதும் முதல் பரிசு எவ்வளவு தூரம் தள்ளிப் போயிற்று பாருங்கள்.

சிறிய பரிசுகளுக்குக் கொஞ்சம் கவனம் தேவை. ஏழாம் பிரிவுப் பரிசான 10 வெள்ளிக்கு, வெல்லும் எண்களில் சரியாக மூன்று இருக்க வேண்டும், கூடுதல் எண் இருக்கக் கூடாது. எண்களை மூன்று கூட்டமாகப் பிரியுங்கள்: வெல்லும் 6, கூடுதல் 1, மற்ற 42. நம் சீட்டில் முதல் கூட்டத்திலிருந்து 3, கடைசிக் கூட்டத்திலிருந்து 3: சே(6, 3) × சே(42, 3) = 20 × 11,480 = 229,600. இதை 13,983,816-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 61-இல் ஒன்று. இங்கே 42-க்குப் பதில் 43 என்று போடுபவர்கள், மூன்றோடு கூடுதல் எண்ணும் உள்ள ஆறாம் பிரிவையும் சேர்த்து எண்ணிவிடுகிறார்கள். ஒரு வெள்ளிச் சீட்டு, 61-இல் ஒரு வாய்ப்பு, 10 வெள்ளிப் பரிசு. மேற்கொண்டு நான் சொல்ல ஒன்றுமில்லை.

ஆறுக்கும் மேற்பட்ட எண்களைத் தெரிவுசெய்து, அவற்றிலிருந்து வரும் எல்லா ஆறெண் சேர்வுகளுக்கும் ஒரே சீட்டில் பணம் கட்டுவது சிஸ்டம் பந்தயம். அதன் விலைப்பட்டியலைப் பாருங்கள்: 7 எண்ணுக்கு 7 வெள்ளி, 8 எண்ணுக்கு 28, 9-க்கு 84, 10-க்கு 210, 11-க்கு 462, 12-க்கு 924. சே(7, 6), சே(8, 6), சே(9, 6) என்று சேர்வு அட்டவணையை அப்படியே அச்சடித்து மாட்டியிருக்கிறார்கள். அந்த 28-ஐ ஏற்கெனவே சந்தித்தோம். எட்டிலிருந்து ஆறை எடுப்பதும் எட்டிலிருந்து இரண்டை விடுவதும் ஒரே செயல்; ஆகவே சே(8, 6) = சே(8, 2). 210-உம் தொண்டூழியர் குழுவில் வந்ததுதான்: சே(10, 6) = சே(10, 4). சீட்டு வாங்குபவருக்குத் தள்ளுபடி எதுவுமில்லை. 28 சேர்வுகளுக்கு 28 வெள்ளி.

நான்கு இலக்கக் குலுக்கல் வேறு வகை. 1234 வேறு, 4321 வேறு. இலக்கங்கள் திரும்பவும் வரலாம். எனவே 10 × 10 × 10 × 10 = 10,000 எண்கள்; சேர்வுக்கு இங்கே வேலையில்லை.

சேர்வு உதவாத இடம்

2021-இல் வீட்டு அஞ்சல் பெட்டிக்கே கோவிட்-19 தொற்றைக் கண்டறியும் ஏஆர்டி சோதனைக் கருவிகள் வந்தது நினைவிருக்கும். பின்வரும் எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. 10,000 பேரில் 200 பேருக்குத் தொற்று உண்டு. தொற்று உள்ளவரில் 80 விழுக்காட்டினருக்குக் கருவி இரண்டு கோடு காட்டும். தொற்று இல்லாதவரிலும் 1 விழுக்காட்டினருக்குத் தவறாக இரண்டு கோடு காட்டிவிடும். உங்களுக்கு இரண்டு கோடு விழுந்தது. உண்மையில் தொற்று இருக்க நிகழ்தகவு என்ன?

பின்னங்களுக்குப் பதில் ஆட்களையே கிளை மேல் எழுதுங்கள். தொற்றுள்ள 200 பேர்: 160 பேருக்கு இரண்டு கோடு, 40 பேருக்கு ஒன்று. தொற்றில்லாத 9,800 பேர்: 98 பேருக்கு இரண்டு கோடு, 9,702 பேருக்கு ஒன்று. இரண்டு கோடு கண்டவர்கள் மொத்தம் 160 + 98 = 258. அவர்களில் தொற்றுள்ளவர்கள் 160. 160/258, ஏறத்தாழ 0.62. எண்பது என்றும் தொண்ணூற்றொன்பது என்றும் ஊகித்தவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். தொற்றில்லாதவர்கள் கூட்டம் மிகப் பெரியது. அதில் ஒரு விழுக்காடே 98 பேராகிவிடுகிறது. நிபந்தனை நிகழ்தகவில் சூத்திரத்தைவிட இந்த ஆள் மரத்தையே நம்பும்படி சொல்வேன்.

இரண்டும் ஒரே கணக்கில்

இரண்டு தட்டுகள். முதல் தட்டில் பழைய 8 உறைகள் (மூன்றில் 10 வெள்ளி). இரண்டாம் தட்டில் 5 உறைகள் (மூன்றில் 10 வெள்ளி, இரண்டில் 2 வெள்ளி). ஒரு வெள்ளி நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் முதல் தட்டிலிருந்தும் பூ விழுந்தால் இரண்டாம் தட்டிலிருந்தும் இரண்டு உறைகள் எடுக்க வேண்டும். இரண்டும் 10 வெள்ளியாக இருக்க?

நாணயத்துக்கு மரம், உறைகளுக்குச் சேர்வு. தலைப் பாதை: 1/2 × 3/28 = 3/56. பூப் பாதை: 1/2 × சே(3, 2)/சே(5, 2) = 1/2 × 3/10 = 3/20. கூட்டினால் 15/280 + 42/280 = 57/280. சரி, இரண்டும் 10 வெள்ளி என்று தெரிந்துவிட்டது. எந்தத் தட்டிலிருந்து வந்தன? இரண்டாம் தட்டாக இருக்க 42/57 = 14/19. இரண்டு கோட்டுக் கணக்கில் செய்த அதே பிரிப்புதான்.

நீங்களே போட்டுப் பார்க்க மூன்று கணக்குகள்.

அ. 10 உறைகளில் நான்கில் 10 வெள்ளி. மூன்று உறைகள் எடுத்தால் சரியாக இரண்டில் 10 வெள்ளி இருக்க?

ஆ. நால்வர் குடும்பம். பிறந்த மாதங்கள் எல்லாம் சம வாய்ப்புள்ளவை என்று கொள்வோம். குறைந்தது இருவர் ஒரே மாதத்தில் பிறந்திருக்க?

இ. தொண்டூழியர் கணக்கில் நால்வர் குழுவில் சரியாக இரண்டு பெண்கள் இருக்க? இதை மரத்தாலும் போடுங்கள். ஆறு பாதைகளும் ஒரே மதிப்பு வருகிறதா என்று பாருங்கள்.

விடைகள்: அ. 36/120 = 3/10. ஆ. 1 – (12 × 11 × 10 × 9)/(12 × 12 × 12 × 12) = 41/96. இ. 90/210 = 3/7; மரத்தில் ஒவ்வொரு பாதையும் 360/5040, ஆறு பாதைகள் 2160/5040.